45 வயதுவரை ஆடிய ஸ்டெனோ சாரா: உயரம் மட்டும்தான் காரணமா?

கேள்வி இது: "பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் ஸ்டெனோ சாரா 45 வயதுவரை ஆடினார் என்கிறார்கள். ஆறடி ஒன்பது அங்குல உயரம் இருந்தால் யார்தான் ஆட மாட்டார்கள்? அதைத் தவிர அவரிடம் என்ன இருந்தது?"

உயரம் உதவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உயரம் மட்டுமே போதும் என்றால் ஜான் ஸ்காட்டும் இருபது வருடம் ஆடியிருக்க வேண்டும். அவர் ஆறடி எட்டு அங்குலம், சாராவைவிட ஓர் அங்குலம்தான் குறைவு. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் அவர் ஆடியது 286 ஆட்டங்கள். சாரா ஆடியது 1,680. லீக்கின் வரலாற்றில் வேறெந்த டிஃபென்ஸ்மேனும், அதாவது தற்காப்பு ஆட்டக்காரரும், இத்தனை ஆட்டம் ஆடியதில்லை. 1997 நவம்பரில் முதல் ஆட்டம், 2022 ஏப்ரலில் கடைசி ஆட்டம். இடையில் 24 சீசன்கள்.

சாராவின் ஆட்டத்தைப் பல வருடமாகப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் நீண்ட நாள் நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டதும், வயதான பிறகு தன் இடம் சிறிதாவதைச் சம்மதித்து ஏற்றதும்தான். அந்த உயரம் அவருக்கு முதல் சில வருடங்களில் பாரமாகத்தான் இருந்தது.

டிஃபென்ஸ்மேனின் வேலை என்ன என்பதை முதலில் சொன்னால் மற்றதெல்லாம் புரியும். ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர் களத்தில்: கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ்மேன், மூன்று ஃபார்வர்ட். ஆட்டம் மொத்தம் 60 நிமிடம். ஒருவர் முக்கால் நிமிடம் போல வேகமாக ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்து உட்காருவார், அடுத்தவர் இறங்குவார். ஒரு அணி ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்மேன்களை இறக்கும். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம். ஆனால் சமமாகப் பிரிப்பதில்லை. நல்லவர் 25 நிமிடம் ஆடுவார், அதிலும் எதிரணியின் ஆபத்தான ஃபார்வர்டுகள் இறங்கும் நேரமெல்லாம் அவர்தான் இறங்க வேண்டும்.

டிஃபென்ஸ்மேன் பெரும்பாலும் பின்னோக்கித்தான் சறுக்குகிறார் என்பதை கவனிக்க வேண்டும். எதிராளி முழு வேகத்தில் நேராக வருகிறான், இவர் முதுகைக் காட்டாமல் அவனைப் பார்த்தபடியே பின்னால் போக வேண்டும். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகமானால் அவன் சாவகாசமாக கோலை நோக்கி அடிப்பான். குறைந்துபோனால் ஒரே எட்டில் தாண்டிப் போய்விடுவான். இந்த இடைவெளியை சரியாக வைத்திருப்பதுதான் இந்த வேலையின் பாதி. மீதிப் பாதி, மூலையில் கிடக்கும் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எடுக்கப் போகும்போது முதுகுக்குப் பின்னால் 90 கிலோ ஆள் ஒருவன் இடிக்க வருகிறான் என்று தெரிந்தும் பதற்றமில்லாமல் அதை எடுத்து சக ஆட்டக்காரனிடம் சேர்ப்பது. இதை ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் செய்ய வேண்டும், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் தனி. முட்டி, இடுப்பு, தோள் எல்லாம் தேய்ந்துபோகும் வேலை.

இப்போது ஆறடி ஒன்பது அங்குலத்தை இதில் பொருத்திப் பாருங்கள். ஸ்கேட் போட்டு நின்றால் ஏழடி. பின்னோக்கிச் சறுக்கும்போது உடம்பின் எடை முழுவதும் தாழ்ந்து முட்டியில் நிற்க வேண்டும். உயரமானவனுக்கு அது இரட்டிப்புக் கஷ்டம். திரும்புவதற்கு நேரம் எடுக்கும். காலுக்கிடையே பக்கைத் தள்ளிவிட்டு ஓடிவிடுவார்கள். சாரா பிறந்தது 1977 மார்ச் 18, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த டிரென்சின் நகரத்தில். இன்று அது ஸ்லோவாக்கியா. அந்தச் சிறு நகரத்தில் ஹாக்கிக்குப் பஞ்சமில்லை, மரியான் ஹோசாவும் மரியான் காபோரிக்கும் வளர்ந்த ஊர் அது. அங்கேயே பையனைப் பார்த்துப் பயிற்சியாளர்கள் தயங்கினார்கள். இவ்வளவு உயரம் ஹாக்கிக்கு ஆகாது, கூடைப்பந்துக்குப் போகட்டும் என்ற பேச்சுதான் அதிகம். அவர் டிரென்சினை விட்டு பிராக் நகரத்தின் ஸ்பார்டா ஜூனியர் அணிக்குப் போய் ஆடினார்.

அவருடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெனெக் சாரா கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர், 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இறங்கியவர். மல்யுத்தக்காரர் வீட்டில் உடம்பைப் பேணுவது தினசரி வேலை. பின்னாளில் மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்து வியந்த அந்தப் பயிற்சிப் பழக்கம், புல்-அப் எடுப்பதில் இருந்த அந்த வெறி, இங்கிருந்து வந்ததுதான்.

1996 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை மூன்றாம் சுற்றில், 56ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த சீசனில் கனடாவின் மேற்கே பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரின் ஜூனியர் அணிக்கு ஆடினார். 19 வயது, ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, ஊர் புதிது. பின்னாளில் ஸ்லோவாக், செக், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், ஸ்வீடிஷ், ஆங்கிலம் என்று ஏழு மொழி பேசிய மனிதரின் ஆரம்பம் அது.

ஐலண்டர்ஸில் நான்கு சீசன்கள், 231 ஆட்டங்கள், மொத்தமே 6 கோல். அணியும் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்த காலம். 2001 ஜூனில் அவரை ஒட்டாவா செனட்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவரோடு பில் மக்கால்ட் என்ற ஃபார்வர்டையும், டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வு செய்யும் உரிமையையும் கொடுத்து, அலெக்ஸி யாஷினை வாங்கினார்கள். அந்த உரிமையை வைத்து ஒட்டாவா எடுத்தது ஜேசன் ஸ்பெட்சாவை, அவரும் ஆயிரத்துக்கு மேல் ஆட்டம் ஆடியவர். யாஷினுக்கு ஐலண்டர்ஸ் பத்து வருட ஒப்பந்தம் போட்டு, 2007இல் பாதியிலேயே பணம் கொடுத்து அனுப்பியது. லீக்கின் மிக மோசமான வியாபாரங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விடுவதில்லை. ஆனால் அன்றைய சாராவைப் பார்த்தவர்கள் யாரும் இதை முட்டாள்தனம் என்று அப்போது சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம். 24 வயது, ஸ்கேட்டிங் முழுதாகப் படியவில்லை, கோல் அடிப்பதில்லை. பொறுமை இல்லாத அணி அவரை விட்டது, பொறுமை உள்ள அணி எடுத்துக்கொண்டது.

ஒட்டாவாவில் போன முதல் சீசனிலேயே 10 கோல் அடித்தார், ஐலண்டர்ஸில் நான்கு வருடத்தில் அடித்ததைவிட அதிகம். பவர்பிளே நேரங்களில், அதாவது எதிரணி ஆள் ஒருவர் தண்டனையாக வெளியே உட்கார்ந்திருக்கும்போது, அவரை கோலுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். அவர் மறைத்து நின்றால் கோல்கீப்பரின் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதைவிட முக்கியம், சுற்றிலும் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 2003இல் அந்த அணி லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து, பிளேஆஃபில் கிழக்குப் பிரிவின் இறுதிவரை போய் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 2004இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதின் கடைசி மூவர் பட்டியலில் சாரா வந்துவிட்டார்.

அப்புறம் வந்தது என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய சோதனை, ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2004-05 சீசன் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானது. சாரா ஸ்வீடனுக்குப் போய் ஃபார்யெஸ்டாட் அணிக்கு ஆடினார். லீக் திரும்பத் தொடங்கியபோது ஆட்டமே மாறியிருந்தது. அதுவரை டிஃபென்ஸ்மேன்கள் எதிராளியை ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையும், கையால் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். 2005இலிருந்து உடனே பெனால்டி. கூடவே, களத்தின் இரண்டு கோடுகளைத் தாண்டி நீளமாகப் பாஸ் கொடுப்பதற்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள். ஆட்டம் திடீரென்று வேகம் பிடித்தது. பெரிய உடம்பு, மெதுவான கால், பிடித்து இழுக்கும் கை, இவற்றை நம்பிப் பிழைத்த டிஃபென்ஸ்மேன்கள் பலர் ஓரிரு வருடத்தில் காணாமல் போனார்கள்.

எல்லோரிலும் பெரியவரான சாரா மட்டும் அந்த முதல் சீசனிலேயே 16 கோல் அடித்து, அதுவரையிலான தன் வாழ்க்கையில் அதிகப் புள்ளிகளை (அடித்த கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். எப்படி? கையால் பிடிக்கத் தடை வந்தால் என்ன, அவரிடம் ஸ்டிக் இருந்தது. ஹாக்கி ஸ்டிக்கின் நீளத்துக்கு லீக்கில் வரம்பு உண்டு, 63 அங்குலம். மிக உயரமானவர்களுக்கு மட்டும் 65 வரை விலக்கு. சாரா அந்த விலக்கில் ஆடியவர். அவ்வளவு நீளமான கையில் அவ்வளவு நீளமான ஸ்டிக். மற்றவர்கள் எதிராளியிடமிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் அவர் இன்னும் தள்ளி நிற்கலாம், ஆனாலும் பக்கைத் தொட்டுவிடலாம். தள்ளி நின்றால் தாண்டிப் போக இடம் கிடைக்காது. கால் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. உடம்பால் ஆடியதைக் குறைத்து ஸ்டிக்கால் ஆடக் கற்றுக்கொண்டார். உயரம் அவருக்கு உண்மையில் பயன்பட ஆரம்பித்தது இங்கேதான், 28 வயதில், அதுவும் கற்றுக்கொண்ட பிறகு.

2006 கோடையில் ஒட்டாவாவுக்கு ஒரு சிக்கல். சம்பள உச்சவரம்பு வந்துவிட்டதால் சாரா, இன்னொரு டிஃபென்ஸ்மேன் வேட் ரெடன் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ரெடனை வைத்துக்கொண்டார்கள். ஜூலை 1 அன்று சாரா பாஸ்டன் புரூயின்ஸோடு ஐந்து வருடத்துக்கு மூன்றே முக்கால் கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். கேப்டன் பதவியும் கிடைத்தது. முந்தின சீசனில்தான் பாஸ்டன் தன் கேப்டன் ஜோ தார்ன்டனை விற்றிருந்தது, ஊரில் கடுப்பு ஆறவில்லை.

முதல் வருடம் சொதப்பல்தான். ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 28 நிமிடம் அவரை ஆடவைத்தார்கள். அவர் களத்தில் இருந்தபோது அணி போட்ட கோலையும் வாங்கிய கோலையும் கழித்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு, அதில் அவருக்கு மைனஸ் 21. பிளேஆஃபுக்கும் போகவில்லை. இவ்வளவு பணம் கொடுத்து இவரையா வாங்கினோம் என்று ஊர் பேசியது. 2007இல் கிளாட் ஜூலியன் பயிற்சியாளராக வந்ததும் அணியின் தற்காப்பு முறையே ஒழுங்குக்கு வந்தது, சாராவின் நிமிடங்களும் கொஞ்சம் குறைந்தன. 2008-09இல் 19 கோல் அடித்து நாரிஸ் விருதை வாங்கினார், அப்போது 32 வயது. 2010-11இல் அதே கூட்டல் கழித்தல் கணக்கில் பிளஸ் 33, லீக்கிலேயே முதலிடம்.

அதே சீசனின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 மார்ச் 8, மான்ட்ரியால். பெஞ்சுகளை ஒட்டிப் பக்கைத் துரத்திப் போன மேக்ஸ் பாச்சியொரெட்டியை சாரா இடித்தார். அந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பு தொடங்கும் முனையில் ஒரு கம்பம் உண்டு. பாச்சியொரெட்டியின் தலை நேராக அதில் மோதியது. மூளை அதிர்ச்சி, கழுத்து எலும்பில் முறிவு. சாராவை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள், ஆனால் லீக் மேற்கொண்டு தடை விதிக்கவில்லை. மான்ட்ரியால் போலீஸ் விசாரித்தது, ஏர் கனடா நிறுவனம் விளம்பர ஆதரவை நிறுத்துவோம் என்று லீக்குக்கு எழுதியது. கடைசியில் வழக்கு எதுவும் போடப்படவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அத்தனை வருடம் ஆடியவருக்கு அந்தக் கம்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்காது, அந்த இடத்தில் தள்ளியது தவறு. ஓர் ஆட்டத் தடையாவது கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றுவரை என் நிலை. பாச்சியொரெட்டி அடுத்த சீசனில் திரும்பி வந்து நன்றாக ஆடினார் என்பது ஆறுதல்.

அந்த வருடம் லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையின் இறுதியில் எதிரணி வான்கூவர் கனக்ஸ். இரட்டையர்களான ஹென்ரிக் செடீனும் டேனியல் செடீனும் அந்த அணியின் உயிர். முந்தின சீசனிலும் அந்த சீசனிலும் லீக்கின் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் வரிசையாக இந்த அண்ணன் தம்பிதான். ஒருவர் எங்கே இருப்பார் என்று மற்றவர் பார்க்காமலே பாஸ் கொடுப்பார்கள். ஜூலியன் செய்தது எளிமையான வேலை: செடீன்கள் இறங்கும்போதெல்லாம் சாராவும் டென்னிஸ் சைடன்பெர்கும் இறங்குவார்கள். ஏழு ஆட்டத்தில் வான்கூவர் மொத்தமாகவே 8 கோல்தான் அடித்தது, பாஸ்டன் 23. கோல்கீப்பர் டிம் தாமஸ் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், அது நியாயம்தான். ஆனால் செடீன்கள் வழக்கமாக ஆடும் அந்த மூலைகளில், பக்கைக் கைமாற்றும் அந்த இடத்தில், எப்போதும் ஒரு நீளமான ஸ்டிக் கிடந்ததை நான் மறக்கவில்லை. ஜூன் 15 அன்று வான்கூவரிலேயே ஏழாவது ஆட்டத்தை 4-0 என்று முடித்தார்கள். 1972க்குப் பிறகு பாஸ்டனுக்கு முதல் கோப்பை. கேப்டன்தான் முதலில் வாங்க வேண்டும், அது வழக்கம். ஏழடி மனிதர் அந்தக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்திய அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே ஆடப் பழகிய கேப்டன் ஒருவர் கோப்பையை வாங்கியது அது இரண்டாவது முறைதான். முதலாமவர் 2008இல் டெட்ராய்ட்டின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம்.

2012இல் லீக்கின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் கூடும் ஆல்ஸ்டார் திறன் போட்டியில் மணிக்கு 108.8 மைல், அதாவது 175 கிலோமீட்டர் வேகத்தில் அவர் அடித்த ஷாட் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நல்ல காட்சிதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் அதற்குப் பதிலாக 2013 மே 13 இரவைக் காட்டுவேன். டொரோன்டோவோடு முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். மூன்றாவது பீரியடில், அதாவது கடைசி 20 நிமிடப் பகுதியில், 4-1 என்று பாஸ்டன் பின்தங்கியிருந்தது, அரங்கத்தில் சிலர் எழுந்து போகத் தொடங்கிவிட்டார்கள். பீரியடில் பாதி மீதம் இருக்கும்போது 4-2. கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கினார்கள். 4-3. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. சாரா தன் வழக்கமான இடத்தைவிட்டு நேராக டொரோன்டோ கோலுக்கு முன்னால் போய் நின்றார். பின்னாலிருந்து பாட்ரிஸ் பெர்ஜெரான் அடித்தார். கோல்கீப்பர் ஜேம்ஸ் ரைமர் இடமும் வலமும் எட்டிப் பார்க்கிறார், எதிரே சாராவின் முதுகுதான் தெரிகிறது. பக் உள்ளே போனபோது மீதம் இருந்தது 51 விநாடி. கூடுதல் நேரத்தில் பெர்ஜெரானே வெற்றி கோலையும் அடித்தார். அந்தச் சமன் கோலில் சாராவின் பெயருக்கு ஒரு புள்ளியும் சேரவில்லை. அடிவாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார், அவ்வளவுதான். லீக்கின் மிக வேகமான ஷாட்டை வைத்திருப்பவர், ஷாட் அடிக்கும் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டு மறைப்பாக நின்றார்.

2014 அக்டோபரில் இடது முட்டியில் தசைநார் கிழிந்தது. 37 வயது. இரண்டு மாதம் போல ஒதுங்கியிருந்து திரும்பினார். அந்த சீசனிலும் அடுத்ததிலும் பாஸ்டன் பிளேஆஃபுக்குப் போகவில்லை. முடிந்தது கதை என்று பத்திரிகைகள் எழுதின, அப்படி எழுதக் காரணமும் இருந்தது. உண்மையாகவே மெதுவாகிவிட்டார். அந்த வயதில் பெரும்பாலானவர்கள் பழைய பெயரை வைத்து ஓட்டிவிட்டு விடைபெறுவார்கள். இவர் கோடைக்காலத்தில் தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு கால் அசைவையும் பக்கை வேகமாகக் கைமாற்றுவதையும் அடிப்படையிலிருந்து பழகினார். பிறகு இறைச்சி, பால் எல்லாவற்றையும் விட்டு தாவர உணவுக்கு மாறினார். 2017இல் சார்லி மெக்காவாய் என்ற இளைஞன் அவருக்கு ஜோடியாக வந்தான். மெக்காவாய் பிறந்தது 1997 டிசம்பரில், சாரா என்ஹெச்எல்லில் முதல் ஆட்டம் ஆடி ஒரு மாதம் கழித்து.

அந்த ஜோடியை கவனித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். பையன் பக்கோடு முன்னேறிப் போவான், பெரியவர் பின்னால் நின்றுகொள்வார். 19 கோல் அடித்த காலம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். பவர்பிளேயில் அவருடைய இடத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் கையில் மிஞ்சியது யாரும் விரும்பிக் கேட்காத வேலை: அணிக்கு ஆள் குறைவாக இருக்கும்போது கோலுக்கு முன்னால் நிற்பது, கடைசி நிமிடங்களில் முன்னிலையைக் காப்பது. அதை லீக்கிலேயே சிறப்பாகச் செய்தவர்களில் ஒருவராக நாற்பது வயதில் இருந்தார். அணிக்குள்ளும் அப்படித்தான். புதிதாக வருகிற பையன்களைச் சீண்டுவது, மூட்டை தூக்க வைப்பது என்று ஹாக்கி அணிகளில் இருந்த பழைய வழக்கத்தை அவர் கேப்டனானதும் ஒழித்தார். முதல் நாள் வந்தவனும் 20 வருடம் ஆடியவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் பாஸ்டனில் வளர்ந்த இளைஞர்கள் பலர் இதை இன்றும் சொல்கிறார்கள்.

2019 இறுதிப் போட்டி, செயின்ட் லூயிஸ் அணியோடு. நான்காவது ஆட்டத்தில் பிரேடன் ஷென் அடித்த ஷாட் சாராவின் ஸ்டிக்கில் பட்டு எகிறி முகத்தில் அடித்தது. பனியில் ரத்தம் கொட்டியது. தாடை உடைந்துவிட்டது. மூன்றாவது பீரியடில் முகம் முழுக்க மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், ஆடவில்லை. மூன்று நாள் கழித்து பாஸ்டனில் ஐந்தாவது ஆட்டம். தகடும் திருகும் வைத்து இறுக்கிய தாடையோடு, 42 வயதில், ஆட வந்தார். ஆட்டம் தொடங்குமுன் பெயரை வாசித்தபோது அரங்கம் நிறுத்தாமல் கத்தியது. அந்த ஆட்டத்தில் தோற்றார்கள், ஆறாவதில் ஜெயித்தார்கள், அதில் அவர் ஒரு கோல்கூட அடித்தார். ஏழாவதில் சொந்த ஊரிலேயே 4-1 என்று தோற்றார்கள். இதை நான் வீரம் என்று புகழ்ந்து எழுதத் தயங்குகிறேன், ஏனென்றால் அடிபட்டவனை ஆடவிடும் பழக்கம் இந்த ஆட்டத்தில் பலரைக் கெடுத்திருக்கிறது. ஆனாலும் அந்த மாலை அரங்கத்தின் சத்தத்தைக் கேட்டவன் யாரும் மறக்க மாட்டான்.

சம்பளத்தைப் பார்த்தால் அவருடைய கடைசிக் கட்டம் தெளிவாகத் தெரியும். பாஸ்டன் ஆரம்பத்தில் வருடத்துக்கு 75 லட்சம் டாலர் கொடுத்தது. 2018க்குப் பிறகு எல்லாமே ஒரு வருட ஒப்பந்தங்கள்: முதலில் 50 லட்சம், அடுத்த வருடம் 20 லட்சமும் ஊக்கத்தொகையும். 2020 முடிவில் பாஸ்டன் இளைஞர்களுக்கு இடம் கொடுக்க விரும்பியது, ஒவ்வொரு ஆட்டத்திலும் இடம் உண்டு என்று உறுதி தர முடியவில்லை. 14 வருடம் கேப்டனாக இருந்த ஊரை விட்டு வாஷிங்டன் கேபிடல்ஸுக்கு 7,95,000 டாலருக்குப் போனார், அங்கே அவர் கேப்டனும் இல்லை. அடுத்த வருடம் ஐலண்டர்ஸ், 7,50,000 டாலர். தன்னை விற்றுவிட்ட அதே அணி. களத்தில் 28 நிமிடம் ஆடியவர் இப்போது 18 நிமிடச் சொச்சம் ஆடினார். நாரிஸ் விருது வாங்கிய எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்பார்கள்? பெரும்பாலோர் கௌரவம் பார்த்து நின்றுவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. இவருக்கு ஆடுவதே போதுமானதாக இருந்தது.

2022 பிப்ரவரி 24, சான் ஹோசேயில் தன் 1,652ஆவது ஆட்டம் ஆடி அதிக ஆட்டம் ஆடிய டிஃபென்ஸ்மேன் என்ற கிறிஸ் செலியோஸின் சாதனையைத் தாண்டினார். செலியோஸும் சாதாரண ஆள் இல்லை, 48 வயதுவரை ஆடியவர். நீங்கள் நீண்ட காலம் ஆடிய டிஃபென்ஸ்மேன்களை ஒப்பிட விரும்பினால் லிட்ஸ்ட்ரோமையும் ரே போர்க்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்ஸ்ட்ரோம் 20 சீசனும் ஒரே அணியில் ஆடி ஏழு நாரிஸ் வாங்கியவர், திறமையில் சாராவைவிட ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போர்க்கும் அப்படித்தான். ஆனால் அவர்கள் இருவரும் ஆரம்பம் முதலே சிறந்தவர்கள், சிறந்தவர்களாகவே ஓய்வு பெற்றார்கள். சாரா நடுவில் சில வருடம்தான் உச்சத்தில் இருந்தார். முன்னாலும் பின்னாலும் இருந்த நீண்ட வருடங்களில் சாதாரண ஆட்டக்காரராக உழைத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கேள்விக்கு அவர் நல்ல உதாரணம்.

2022 செப்டம்பரில் பாஸ்டனோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு அந்த அணி ஆட்டக்காரராகவே ஓய்வு பெற்றார். 209 கோல், 471 அசிஸ்ட். 2025இல் தகுதி வந்த முதல் வருடமே ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். ஓய்வுக்குப் பிறகு மாரத்தான் ஓடத் தொடங்கி, 2023 பாஸ்டன் மாரத்தானை 3 மணி 38 நிமிடத்தில் முடித்தார். 206 சென்டிமீட்டர் உடம்பைச் சுமந்துகொண்டு அந்த நேரத்தில் ஓடுவது எவ்வளவு கடினம் என்று மாரத்தான் ஓடியவர்களைக் கேளுங்கள்.

அவர் ஆட்டத்தை நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால் ஷாட் தொகுப்புகளையும் சண்டைக் காட்சிகளையும் விட்டுவிடுங்கள். 2011 இறுதியின் ஏதாவது ஓர் ஆட்டத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, செடீன்கள் களத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் பாருங்கள். பக்கைப் பார்க்காதீர்கள், 33ஆம் எண்ணைப் பாருங்கள், அதிலும் அவர் ஸ்டிக்கின் நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு 2018 அல்லது 2019 ஆட்டம் ஒன்றில் அதே மாதிரி பார்த்துவிட்டு, மெக்காவாய் முன்னேறும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.